நட்சத்திரம் போட்ட வரிசை

ஆர்லிஸ் வாவ்ரா மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எஃகு மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, கட்டிலுக்கு விரிப்புப் போட்டதுபோல மாவு பரந்து கிடந்தது. அதன்மேல் வெண்ணெயைத் தடவி, பழுப்புச் சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவி, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, நூலால் அறுப்பாள். கத்தி வைத்தால் சுருள் நசுங்கிப்போகும். நூலை அடியில் கொடுத்து, மேலே முடிச்சுப் போடுவதுபோல இழுத்தால் ஒவ்வொன்றும் பூவாக விழும்.

பள்ளிக்கூடத்துச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே இன்னும் விடியவில்லை. ஆற்றுப் பக்கத்திலிருந்து கொக்குகளின் சத்தம் வந்துகொண்டிருந்தது. தூக்கத்தில் இருக்கிற யாரோ பழைய மரக்கதவைத் திறப்பதுபோன்ற சத்தம். ஆனால் ஒரு கதவு இல்லை, ஊரளவு கதவுகள். பனிக்காலம் முடிகிற சமயத்தில் வந்து இறங்கி, அறுத்த சோளக்காட்டில் சிதறிக் கிடப்பதைத் தின்று கொழுத்து, வடக்கே போய்விடும். ஹாவ்லிக் ஊர்க்காரர்கள் அவற்றை நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆர்லிஸும் பார்ப்பதில்லை. ஆனால் அந்தச் சத்தம் கேட்கிற நாள்களில் அவள் கை தானாகக் கொஞ்சம் மெதுவாக ஓடும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் பூசை முடிந்ததும் ஊரே பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் சாப்பிட வரும். சில்லி என்கிற மாட்டுக்கறிக் கொத்தும் சிவப்பு பீன்ஸும் போட்ட குழம்பு, அதற்குத் தொட்டுக்கொள்ள இந்தப் பட்டைச் சுருள். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எல்லோரும் இனிப்பைக் காரத்தில் தோய்த்துத் தின்று வளர்ந்தவர்கள். ஏன் அப்படி என்று கேட்டால் முழிப்பார்கள். சோற்றுக்கு எதற்குக் குழம்பு என்று யாராவது கேட்பார்களா?

ஹோடன் கேட்பாள். மூன்று வருஷமாக ஆர்லிஸோடு அந்தச் சமையலறையில் வேலை செய்கிற சோமாலியாக்காரி. கணவனுக்குப் பக்கத்து ஊரான கார்ஸ்டனில் மாட்டுக்கறி ஆலையில் வேலை. அங்கே வாடகை கட்டுப்படியாகாமல் ஹாவ்லிக்கில் பூட்டிக் கிடந்த வீடுகளுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் ஒன்று அவளுடையது. உள்ளே வந்ததும் கோட்டைக் கழற்றினாள், முக்காட்டை இழுத்துச் செருகினாள், தனக்கென்று வைத்திருக்கிற சட்டியை அடுப்பில் ஏற்றினாள். ஹலால் கறி போட்ட சில்லி அதில்தான் வேகும். அதன் கரண்டியின் கைப்பிடியில் பச்சை நாடா சுற்றியிருக்கும்.

"உங்க ஊர் நாக்குல என்னதான் கோளாறு, ஆர்லிஸ்? காரத்துல சர்க்கரையத் தோய்ச்சுத் திங்கிறீங்க."

"சோத்துல வாழைப்பழத்தைப் பிசைஞ்சு திங்கிறவ இதைச் சொல்லக் கூடாது."

"அது நாகரிகம்."

"இதுவும்தான். அந்த நூலை எடு."

அப்படித்தான் அவர்கள் பேசிக்கொள்வார்கள். ஆர்லிஸ் ரூசா என்ற பெண், பக்கத்துப் பண்ணை லூமிர் வாவ்ராவைக் கட்டிக்கொண்டு ஆர்லிஸ் வாவ்ரா ஆனவள். இரண்டு குடும்பமும் செக் நாட்டிலிருந்து வந்தவை; இரண்டு பண்ணைக்கும் நடுவே ஓர் ஓடை. மணமாகி வந்த தூரம் அந்த ஓடையின் அகலம்தான் என்று அவளே கேலி செய்வாள். இளைய மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் சமையலறைக்கு வந்தாள். பிள்ளைகள் படித்து முடித்து டென்வர், லிங்கன் என்று பெரிய நகரங்களுக்குப் போய்விட்டார்கள். ஆர்லிஸ் மட்டும் பள்ளிக்கூடத்தை முடிக்கவேயில்லை.

பிள்ளைகளைத் தட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். காய்ச்சல் வரப்போகிறவனையும் வீட்டில் சண்டை நடந்தவளையும் டீச்சர்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். அதைப் பெரிய திறமையாக அவள் நினைத்ததில்லை. தட்டு வாங்குகிற ஜன்னலில் நின்றால் யாருக்கும் தெரியும்.

அன்றைய சாப்பாட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கான நிலவரியை உயர்த்தலாமா வேண்டாமா என்று ஊர் வாக்குப் போடப்போகிறது. தபாலில் வாக்குச்சீட்டு வரும். வேண்டாம் என்று முடிந்தால் அடுத்த வருஷம் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டு, பெரிய பிள்ளைகள் கார்ஸ்டனுக்குப் பேருந்தில் போவார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு அங்கிருந்து சூட்டுப் பெட்டியில் வரும். இந்தச் சமையலறைக்கு வேலை இருக்காது.

லூமிர் பண்ணைப் பாதை முனையில் 'வேண்டாம்' என்ற பலகையை நட்டிருந்தான்.

அவன் கெட்டவன் இல்லை. அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. "நெலத்தோட மதிப்பு ஏறிக்கிட்டே போகுது, சோளத்தோட வெல எறங்கிக்கிட்டே போகுது. காகிதத்துல நான் கோடீஸ்வரன். பாக்கெட்டுல பாரு, ஆணியும் சணல் கயிறும்தான் கெடக்கு." பள்ளிக்கூடத்தின் வரியில் பெரும்பங்கு அவனைப் போன்ற கொஞ்சம் பேருடைய நிலத்திலிருந்து போகிறது. ஊருக்குள் வீடு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சுமை தெரியாது. ஆர்லிஸ் இதை மறுத்ததில்லை. பலகை நட்ட அன்று காரை அதன் ஓரமாக ஓட்டிப்போனாள், அவ்வளவுதான். யாருக்கு வாக்கு என்று ஒருவரையொருவர் கேட்பதில்லை என்பது அந்த வீட்டின் பழைய ஏற்பாடு. சாப்பாட்டு மேசைக்கு அது நல்லது என்று கல்யாணமான வருஷமே முடிவு செய்துகொண்டார்கள்.

ஆனால் இதே லூமிர், பள்ளிக்கூடத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியவன்தான். அதற்குக் காரணம் நட்சத்திரம்.

வருஷத்துக்கு ஒருமுறை, மாநிலத் தேர்வில் ஒவ்வொரு பள்ளியும் எப்படிச் செய்தது என்று உள்ளூர்ச் செய்தித்தாளில் ஓர் அட்டவணை வரும். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து எத்தனை சதவீதம் தேறினார்கள் என்பது முதல் வரிசையில் இருக்கும். அதன் கீழே பிரிவு பிரிவாக வரும்: ஏழைப் பிள்ளைகள், கறுப்பினத்தவர், ஸ்பானிஷ் வழிப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள். பெரிய ஊர்களுக்கு அந்த வரிசைகளில் எல்லாம் எண்கள் இருக்கும். ஹாவ்லிக்குக்கு மட்டும் ஒரு நட்சத்திரக் குறி, அதன் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று.

தானியக் கிடங்கில் காலையில் காப்பி குடிக்கக் கூடுகிறவர்கள் அதைப் பார்த்துப் பூரித்துப்போனார்கள். அவர்கள் காலத்தில் நன்றாக எழுதிய தாளில் டீச்சர் தங்க நிற நட்சத்திரத்தை நக்கி ஒட்டுவார். நட்சத்திரம் வாங்கியவன் அன்று வீட்டுக்கு ஓடுவான். "கார்ஸ்டன்காரனுக்கு நாப்பது, முப்பதுன்னு நம்பர். நமக்கு வரிசையா நட்சத்திரம்," என்று லூமிர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் குளிர்பெட்டியில் காந்தத்தால் ஒட்டிவைத்தான். "பார்த்தியா, வெளியிலேர்ந்து வந்த புள்ளைங்களைக்கூட நம்ம ஊரு எப்படித் தேத்தி விட்டிருக்கு!"

அந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று ஆர்லிஸுக்கு அப்போதே தெரியும். பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் கெய்ல் ஓஸ்ட்ரெம், ஓட்டுநருக்கு உடம்பு சரியில்லாத நாளில் தானே பேருந்து ஓட்டுகிறவர், ஒருநாள் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டே சொல்லியிருந்தார். ஒரு பிரிவில் பத்துப் பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தால் மதிப்பெண்ணை வெளியே சொல்லக் கூடாது. சின்ன ஊர், யார் யார் என்று தெரிந்துவிடும். அதனால் எண்ணை மறைத்து நட்சத்திரம் போடுவார்கள். மறைப்புத் துணி, அவ்வளவே.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது லூமிர் குளிர்பெட்டியின் முன் நின்று அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பரிசு வாங்கிய கன்றைப் பார்க்கிற முகம். சொல்லலாம் என்று வாயெடுத்தாள். பிறகு, சூப்புக்கு உப்புப் போதுமா என்று கேட்டாள்.

அடுத்த வருஷமும் நட்சத்திரம். அதற்கடுத்த வருஷமும். வரி பற்றிய பேச்சு வந்தால் "நட்சத்திரம் வாங்குற பள்ளிக்கூடம்ப்பா, குடுக்கலாம்" என்று லூமிரே கிடங்கில் சொல்ல ஆரம்பித்தான். அதன்பிறகு சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. சொல்லாமல் இருப்பது சுகமாகவும் இருந்தது. இருட்டில் காரை நிறுத்திவிட்டு இறங்கும்போது பண்ணைக்கு மேலே வானம் முழுக்க அதே குறியாக இறைந்து கிடக்கும். அங்கேயும் எண்ண முடியாத எதையோ மறைத்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றும். ஒரு நிமிஷம் நிற்பாள். பிறகு குளிர் முதுகில் ஏறும், உள்ளே போய்விடுவாள்.

போன வருஷம் ஹோடனின் அக்கா மகள் ஸம்ஸம் வந்து சேர்ந்தாள். கென்யாவின் முகாமிலிருந்து வந்த பதின்மூன்று வயதுப் பெண், பனியைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தவள். கார்ஸ்டனில் சேர்ப்பதா ஹாவ்லிக்கிலா என்று ஹோடன் கேட்டபோது, "இங்கேயே கொண்டா. என் கண் முன்னால சாப்பிடட்டும்," என்று சொன்னது ஆர்லிஸ்தான். தேர்வு வந்தது, எழுதினார்கள். அடுத்த அட்டவணை வந்தபோது, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள் வரிசையில் நட்சத்திரம் இல்லை. இருபது என்று ஓர் எண் நின்றது. பத்தாவது பிள்ளை வந்தாயிற்று, துணியை விலக்கிவிட்டார்கள். பத்துப் பேரில் இரண்டு பேர் தேறியிருந்தார்கள். அந்த எண்ணால் பள்ளிக்கே 'முன்னேற வேண்டியது' என்று முத்திரை விழுந்தது.

கிடங்கில் பேச்சு மாறியது. நட்சத்திரம் போச்சு. அதுவே வாசகமாகிவிட்டது. லூமிர் குளிர்பெட்டியிலிருந்து பழைய காகிதத்தை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அப்புறம்தான் பலகை நட்டான்.

அன்று மதியம் விளையாட்டுக் கூடம் நிரம்பியிருந்தது. வெளியே பனித்தூள் பறந்துகொண்டிருந்தது. உயரத்து ஜன்னல்களில் பால் கலந்த வெளிச்சம். 'வேண்டாம்' என்கிறவர்கள்தான் முதல் ஆளாக வந்து இரண்டாம் முறையும் தட்டு நீட்டினார்கள். "எதிரிக்கும் பசிக்கும்" என்று ஹோடன் பரிமாறினாள். ஆவியில் எல்லா முகங்களும் கொஞ்சம் கரைந்து, தண்ணீருக்கு அடியில் இருப்பவர்கள் மாதிரி தெரிந்தார்கள். ஆர்லிஸ் தட்டு வாங்குகிற ஜன்னலில் முழங்கையை ஊன்றி நின்றாள். எல்லோரும் சாப்பிடுகிற சத்தம் அவளுக்கு எப்போதும் தாலாட்டு.

கெய்ல் வரியைப் பற்றிப் பேசி முடித்ததும் கேள்வி கேட்கலாம் என்றார். லூமிர் எழுந்தான். பொதுவாகப் பேசாதவன். சட்டைப் பையிலிருந்து அந்த மடித்த காகிதத்தை எடுத்து விரித்தான்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், கெய்ல். இது மூணு வருஷத்துக்கு முந்தி வந்தது. வரிசையா நட்சத்திரம். அப்போ இதைவிடக் கம்மியாத்தான் காசு குடுத்தோம். இப்போ அந்த எடத்துல இருபதுன்னு ஒரு நம்பர் நிக்குது. எங்க நட்சத்திரத்தைத் தொலைச்சிட்டு வந்து, எங்ககிட்டயே இன்னும் காசு கேக்குறீங்களே, அது எப்படி?"

கைதட்டல் எழுந்தது. கெய்ல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு அதைச் சொல்ல விருப்பமில்லை என்பது ஆர்லிஸுக்கு அங்கிருந்தே தெரிந்தது.

"லூமிர், அது பரிசு நட்சத்திரம் இல்ல. பத்துப் புள்ளைங்களுக்குக் கம்மியா இருந்தா மார்க்கைச் சொல்லக் கூடாதுன்னு சட்டம். அதனால குறி போட்டு மறைச்சிருக்காங்க. அப்பவும் நல்லா எழுதினாங்களா இல்லையான்னு அந்தக் குறி எதுவுமே சொல்லல."

 பிறகு பின்வரிசையில், லூமிரோடு தினமும் காப்பி குடிக்கிற, அதே நட்சத்திரத்தை அதே அளவு நம்பிய டுவைன் குரல் கொடுத்தான்: "அடப்பாவி லூமிர்! இத்தனை வருஷமா ஒண்ணுமில்லாததுக்கா பிரேம் போடாத குறையா ஒட்டி வெச்சிருந்த?"

கூடம் சிரித்தது. முகத்தில் பீன்ஸ் ஒட்டிய சின்னப் பிள்ளைகள், காரணம் தெரியாமல், சேர்ந்து சிரித்தன. லூமிர் காகிதத்தோடு நின்றுகொண்டிருந்தான். அப்போது சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. ஆர்லிஸின் சிரிப்பு ஊரறிந்தது. அடுக்கி வைத்த தட்டு சரிவது மாதிரி இருக்கும். அவள் சிரிக்க நினைக்கவில்லை. தும்மல் வருவதுபோல வந்துவிட்டது. லூமிர் திரும்பிப் பார்த்தான். கூட்டத்தில் வேறு யாரையும் பார்க்கவில்லை. பிறகு உட்கார்ந்து, காகிதத்தை முன்பு இருந்த மடிப்பிலேயே மடித்தான்.

ஹோடன் சிரிக்கவில்லை. கரண்டியோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்போ இத்தனை நாளா நாங்க நட்சத்திரமா?"

"ஆமா."

"ஸம்ஸம் வந்ததும் மனுஷங்க ஆயிட்டோம்." கொஞ்சம் யோசித்தாள். "எண்ணுறதுக்கே பத்துப் பேர் சேரணுமா? எங்க பக்கம் ஒட்டகத்தைக்கூட ஒண்ணு ஒண்ணாத்தான் எண்ணுவோம்."

ஸம்ஸம் கூடத்தின் ஓரத்தில் தோழிகளோடு உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களைப் போலவே சுருளைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து ஹோடன் தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சு. இவளும் உங்க ஊர்க்காரி ஆயிட்டா."

வண்டியில் வீட்டுக்குப் போகும்போது லூமிர் வானொலியைப் போட்டான். சோள விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வழியெல்லாம் வயலில் கொக்குகள் சாம்பல் நிறத்தில் அசையாமல் நின்றன, யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன கோட்டுகள் மாதிரி. ஆர்லிஸ் மூன்று தடவை பேச்சை ஆரம்பித்தாள். மூன்று தடவையும் வேறெதையோ பேசினாள்.

"உங்க அப்பாவே ஆறு வயசு வரைக்கும் ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசினதில்லைன்னு சொல்லுவியே," என்றாள் கடைசியில்.

"ஆமா. ஆனா அவரை யாரும் பேப்பர்ல போடல."

அன்று மதியத் தூக்கத்தில் ஒரு கனவு வந்தது. எஃகு மேசைமேல் மாவுக்குப் பதிலாக வானத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நட்சத்திரங்கள் சர்க்கரை மாதிரி ஒட்டிக்கொண்டன. சுருட்டி, நூலைக் கொடுத்து அறுத்தால் ஒவ்வொரு சுருளுக்குள்ளும் ஒரு பிள்ளை தட்டை நீட்டிக்கொண்டு நின்றது. எத்தனை என்று எண்ண ஆரம்பிக்கும்போது விழித்துவிட்டாள். லூமிர் கன்றுகளுக்குத் தீனி வைக்கப் போயிருந்தான்.

அந்த வாரம் பலத்த காற்று அடித்தது. பலகை சாய்ந்து விழுந்தது. லூமிர் அதைத் திரும்ப நடவும் இல்லை, எடுத்துப் போடவும் இல்லை. வண்டி அதன் ஓரமாகப் போய் வந்தது.

வாக்குச்சீட்டுகள் தபாலில் வந்தன. சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் அவன், மறுமுனையில் அவள். நடுவே உப்பும் மிளகும். அவன் முதுகைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு எழுதினான், பள்ளிக்கூடத்தில் காப்பியடிக்க விடாத பையன் மாதிரி. உறையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினான்.

"டவுனுக்குப் போற வழியில போட்டுடு."

இரண்டு உறைகளும் காரின் பக்கத்து இருக்கையில் கிடந்தன. நெடுஞ்சாலை திரும்புகிற இடத்தில் காரை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, லூமிரின் உறையை எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்தாள். உள்பக்கம் முழுக்க நீலப் பூக்கோலம், வேறெதுவும் தெரியவில்லை. அதற்காகத்தான் அப்படி அச்சடிக்கிறார்கள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. உறையை மடியில் போட்டுக்கொண்டு போய், இரண்டையும் பெட்டிக்குள் தள்ளினாள்.

வரி உயர்வு தோற்றது. பத்தொன்பது வாக்கு வித்தியாசம்.

அதற்கடுத்த நாள்களில் ஊரில் ஒரு விசித்திரம் நடந்தது. 'வேண்டாம்' என்று வாக்குப் போட்டவர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. கிடங்கிலும் கோயில் வாசலிலும் பார்க்கிறவர் எல்லாம் "நான் ஆமான்னுதான் போட்டேன்" என்றார்கள். டுவைன்கூடச் சொன்னான். பலகைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒன்று யாரோ ஒருவருடைய கோழிக்கூட்டில் ஓட்டை அடைத்திருந்ததை ஹோடன் பார்த்தாளாம். கெய்ல் காப்பி குடிக்க வந்தபோது சமையலறை மேசையில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "வாய்க்கணக்குல பார்த்தா நாம அபாரமா ஜெயிச்சிருக்கோம், ஆர்லிஸ்."

"கார்ஸ்டன்ல ஆயிரம் புள்ளைங்க," என்றாள் ஹோடன் சட்டியைத் தேய்த்தபடி. "அங்க ஸம்ஸம் இனிமே நட்சத்திரமாகவே முடியாது." பிறகு, "அந்தப் பச்சை நாடாக் கரண்டியை நான் எடுத்துக்கிறேன்," என்றாள்.

ஆர்லிஸ் சுருள் அறுக்கிற நூல்கண்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பள்ளி முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன, ஆனாலும் கொண்டுவந்தாள். மாலை வெளிச்சம் சமையலறைத் தரையில் நீளமாகக் கிடந்தது. கொக்குகள் அன்று காற்றுப் பிடித்து மேலே மேலே சுற்றிக்கொண்டிருந்தன; போகிற நாள் வந்துவிட்டது. லூமிர் மேசையில் உட்கார்ந்து காப்பிக் கோப்பையைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"நானும் ஆமான்னுதான் போட்டேன்," என்றான்.

அவள் நூல்கண்டை இழுப்பறைக்குள் வைத்தாள். அந்த வீட்டில் கேட்கக் கூடாததை அவள் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். ஊரே சொல்கிற வார்த்தை. அவன் முகத்தைப் பார்த்தாள். உறையைச் சூரியனில் பிடித்ததுபோலத்தான் இருந்தது.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க, லூமிர்."

"தெரியும்." கோப்பை இன்னொரு சுற்று சுற்றியது. குளிர்பெட்டிக் கதவில் காகிதம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, சதுரமாகத் தெரிந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"அந்த நட்சத்திரம். அது என்னன்னு உனக்கு முன்னாடியே தெரியும்தானே, ஆர்லிஸ்?"

அடுப்பில் எதுவும் இல்லை, கழுவ எதுவும் இல்லை. கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த முட்டைக் கூடையை எடுத்தாள். கோழிகள் அன்றைக்கு இட்டதைக் காலையிலேயே எடுத்தாயிற்று என்று இருவருக்கும் தெரியும். கதவைத் திறந்தபோது கொக்குச் சத்தம் உள்ளே நிறைந்தது. அவள் வெளியே போய், சாத்தும்போது சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.